மலை ஏறும் காரும் 'நொக்' சத்தமும்: பழைய பெற்றோல் இஞ்சின் வைத்திருப்போருக்கு

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இஞ்சினை இயக்குவோம். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பாரம் ஏற்றினால், டின்னுக்குள் சின்னக் கல் போட்டுக் குலுக்குவதுபோல இஞ்சின் சத்தம் போடும். அதுதான் 'நொக்'. ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளித்தான் அதை அடக்குவோம். அந்தச் சத்தத்தை அப்போதே காது படித்துவிட்டது.

இப்போது என் கராஜ் கிளிநொச்சியில். 77 இலும் 83 இலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் இங்கு நிறைய. உறவுகளைப் பார்க்க நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் ஹயர் போகும். "அண்ணை, றம்பொடை ஏற்றத்தில கார் இழுக்குதில்லை, கறுப்புப் புகை தள்ளுது" என்று திரும்பி வந்து சொல்வார்கள். கார் பழுதில்லை. காற்றுத்தான் குறைவு.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றமுக்கம் இங்குள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டேர்போ இல்லாத இஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். அதை எந்த ரியூனிங்காலும் முழுதாக மீட்க முடியாது.

பெற்றோல் 1 கிராம் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காபரேற்றருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்றுக் குறையும் அளவுக்கு அது பெற்றோலைக் குறைப்பதில்லை. கீழே 14.7 ஆக இருந்த கலவை மேலே 13.5 அளவுக்கு வந்துவிடும். பிளக்கில் கரி படியும், மெதுவோட்டம் தடுமாறும், பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். மேலே நீண்ட நாள் ஓடுவதானால் ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போடலாம். மொறிஸ் மைனர் போன்ற எஸ்யூ காபரேற்றர் என்றால் அடியிலுள்ள நட்டை மேல்நோக்கித் திருகினால் கலவை மெலியும். இரண்டு நாள் பயணத்துக்கு எதையும் தொட வேண்டாம். எயார் பில்ற்றரைத் துப்புரவாக்கிக்கொண்டு போனால் போதும்.

நொக் விடயம் இதற்கு மறுபக்கம். சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவதால் மலையில் நொக் குறையும். ஆகவே ரைமிங்கை 2 அல்லது 3 பாகை முன்னுக்கு எடுத்தால் இழுவை கொஞ்சம் திரும்பும். 92 ஒக்டேனில் ஒழுங்காக ஓடும் பழைய காருக்கு அங்கே 95 அடிப்பது வீண்செலவு.

ஆபத்து இறங்கும்போதுதான். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி தன் பழைய நிசான் சனியை மேலே ஒரு மாதம் ஹயர் ஓட்டினார். அங்கே ஜெட்டைச் சிறிதாக்கி, ரைமிங்கையும் முன்னுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கார் நன்றாக ஓடியது. அப்படியே ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏ-9 வெயிலில் வந்தார். கீழே காற்று அடர்த்தி. கலவை மெலிந்துவிட்டது, அமுக்கம் கூடிவிட்டது, ரைமிங் முன்னுக்கு நிற்கிறது. வவுனியா தாண்டியதும் சத்தம் கேட்டிருக்கிறது. பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் கட்டி இழுத்து வந்தபோது ஒரு பிஸ்டனில் ஓட்டை. அந்தக் கார்தான் அவர் வீட்டுச் சோறு. மூன்று மாதம் ஓடவில்லை.

ஈஎப்ஐ இஞ்சின்களில் சென்சர்கள் காற்றை அளந்து பெற்றோலைத் தாமே சரிசெய்யும். நொக் சென்சர் உள்ளவற்றில் ரைமிங்கும் தானே பின்வாங்கும். அவற்றுக்கு மலைக்கென்று எதுவும் செய்யத் தேவையில்லை. டேர்போ கார் மட்டும் வேறு. மெல்லிய காற்றை அமுக்க டேர்போ கூடப் பாடுபடும். உள்ளே போகும் காற்றுச் சூடேறும். ஆகவே மேலேயும் நொக் வரலாம்.

மேலே எதை மாற்றினாலும் ஒரு துண்டில் எழுதி டாஷ்போட்டில் ஒட்டுங்கள். கழற்றிய ஜெட்டையும் அங்கேயே வையுங்கள். கண்டிக்கு இறங்கியதும் இரண்டையும் பழையபடி வைத்துவிட்டு ஏ-9 இல் ஏறுங்கள். வழியில் அந்தச் சத்தம் கேட்டால் அக்சிலேற்றரை விடுங்கள், கியரைக் குறையுங்கள், ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பத்து நிமிடம் போனால் போகட்டும், இஞ்சின் மிஞ்சும்.