எல்ல இறக்கமும் கியர் குறைக்கும் வித்தையும்

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு மோட்டார் சைக்கிளில் இறங்குகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நீளமான பதிவு. பழைய கதையும் இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு இந்தப் பாதையில்தான் தங்காலை நகர சபை ஊழியர்கள் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஊரவர்களும் இராணுவத்தினரும் இருட்டிலேயே பள்ளத்துக்குள் இறங்கினார்கள். காரணம் என்ன என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க வகுப்பில் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சேர், நல்லா இருக்கிற பிரேக் எப்படி இல்லாமப் போகும்?"

கணக்கைப் பாருங்கள். எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. வெல்லவாய ஏறக்குறைய 200 மீற்றரில். இடையில் 800 மீற்றர் இறக்கம், முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில். மோட்டார் சைக்கிளும் ஆளும் சேர்த்து 200 கிலோ என்று வைத்தால், இறங்கி முடியும்போது வெளியாகும் சக்தி நாலரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பத்துத் தொன் பஸ் என்றால் 200 லீற்றருக்கு மேல். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யாராவது வாங்கியாக வேண்டும். எஞ்சின் வாங்காவிட்டால் பிரேக் வாங்கும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பிடிக்காது. மிதி கீழே போகும், வண்டி நிற்காது.

இந்தப் பிரச்சினை மோட்டார் வாகனத்தோடு பிறந்ததல்ல. பதுளையில் புனித மாற்கு தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. யானை வேட்டைக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். ஊவாவில் பாதை போடுவித்தவரும் அவர்தான். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அந்தக் காலத்துப் பாதைகளில் கோப்பி மூட்டை ஏற்றி இறங்கியவை மாட்டு வண்டிகள். சக்கரத்தின் மேல் மரக்கட்டையை அழுத்தித் தேய்க்கவிட்டு வேகத்தைக் குறைப்பதுதான் வண்டிக்காரன் அறிந்த பிரேக். மிச்சத்தை மாட்டின் கழுத்து தாங்கியது. அதைச் செய்தவர்களின் பெயரில் தேவாலயம் எதுவும் இல்லை.

ரயில்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1894இல் பண்டாரவளைக்கு வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. தெமோதரையில் பாதை ஒரு வட்டம் போட்டு, தன் நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகிறது. சரிவைக் குறைக்கத் தூரத்தை நீட்டினார்கள். வீதிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அது மலையோடு ஒட்டி வளைந்து வளைந்து விழுகிறது.

லொறியும் பஸ்ஸும் வந்த காலத்து கியர்ப்பெட்டியின் மூலம் பிரான்சில் இருக்கிறது. 1890களில் லெவாசோர் என்பவர் செய்தது. பல்லோடு பல்லை நேராகத் தள்ளிக் கோர்ப்பது. முரட்டு வேலைதான், ஆனாலும் நடக்கிறது என்று அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இரண்டு பல்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் கர்ர்ர் என்று அரைக்கும். அதனால் சாரதிமார் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கீழ் கியரைப் போட்டார்கள். அதுதான் டபுள் கிளச். 1928இல் கடிலாக் கார் கம்பனி இந்த வேகப் பொருத்தத்தைத் தானே செய்கிற கியர்ப்பெட்டியைக் கொண்டுவந்தது. ஆனால் கனரக வாகனங்களுக்கு அது வந்துசேர நெடுங்காலம் எடுத்தது. பழைய இ.போ.ச. சாரதிமார் மலையில் இறங்கும்போது கேட்ட அந்த "ஊம்… ஊம்" உறுமல் பந்தா இல்லை, படிப்பு.

மோட்டார் சைக்கிளில் கதை வேறு. முதலில் கியர் மாற்றும் தடி பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. வளைவில் ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஒரு கியர் என்ற கால் முறையை இங்கிலாந்தின் வெலோசெட் கம்பனி 1928 அளவில் ஓட்டப் பந்தயத்துக்காகச் செய்தது. இன்று உலகம் முழுவதும் அதுதான். இந்தப் பெட்டியில் பற்கள் எப்போதும் கோர்த்தபடியே இருக்கும், அரைக்காது. அதனால்தான் பலர் வேகப் பொருத்தம் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். இங்கே சண்டை பல்லுக்கும் பல்லுக்கும் இல்லை, பின் டயருக்கும் ரோட்டுக்கும்.

உதாரணமாக, நாலாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 தடவை சுற்றுகிறது. அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு 5,200 வேண்டும் என்று வைப்போம். எக்ஸலேட்டரை மூடிக்கொண்டு கியரைத் தட்டிக் கிளச்சைப் பட்டென்று விட்டால், குறைகிற சுற்றுகளைப் பின் டயர்தான் எஞ்சினுக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும். காய்ந்த ரோட்டில் ஒரு குலுக்கல். ராவணா எல்ல நீர்வீழ்ச்சிச் சாரல் விழுந்த வளைவில், டயர் ஒரு கணம் இறுகி வழுக்கும். கிளச் பிடித்திருக்கும் அந்த ஒரு கணத்தில் எக்ஸலேட்டரைச் சிறிது முறுக்கிவிட்டால் எஞ்சின் தானே 5,200க்குப் போய்க் காத்திருக்கும். கிளச்சை விடும்போது ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்படி இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

ஹொண்டா கப்பையும் எம்.டி. 90ஐயும் ஓட்டிய மூத்தவர்கள் இதைக் கிளச் பிடியே இல்லாமல் செய்தார்கள். 1958இல் வந்த கப்பில் கியர் மிதியை அழுத்தும்போதே கிளச் விலகும். குதிகாலால் அழுத்திப் பிடித்தபடி ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மெதுவாகக் காலை எடுப்பார்கள். பெயர் தெரியாது, வித்தை தெரியும்.

கெட்ட பழக்கம் ஒன்றை 2022 பரப்பிவிட்டது. கியூ.ஆர். காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மலையில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டாதவர் குறைவு. அன்றைய நெருக்கடியில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் பலர் அதைத் தொடர்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கியரில் இறங்கும்போது எக்ஸலேட்டர் மூடியிருந்தால் பெற்றோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் உருட்டினால்தான் செலவு. இலாபம் என்று நினைத்து நட்டத்தில் இறங்குகிறோம்.

எல்லயில் சுற்றுலாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் ஸ்கூட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் குறைக்கக் கியர் இல்லை. வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளச் தானாக விலகி வண்டி சும்மா உருளும். முழுப் பாரமும் இரண்டு பிரேக்கில். இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

பழகுவதற்கு மேட்டு நிலத்தில், ஆளில்லாத நேர் ரோட்டில் தொடங்குங்கள். மூன்றிலிருந்து இரண்டு, அது மட்டும், ஐம்பது தடவை. பிரேக் தொடாமல். காதும் கையும் சேர்ந்த பிறகு, முன் பிரேக்கை இரண்டு விரலால் பிடித்தபடியே அதே கையால் முறுக்கிப் பாருங்கள். பிறகு இறக்கம். வளைவுக்குள் போய்க் கியர் குறைக்காதீர்கள். வளைவு கண்ணில் பட்டதுமே குறைத்து முடித்துவிடுங்கள். எந்தக் கியர் என்று கேட்பவர்களுக்குப் பழைய லொறிச் சாரதிமார் வழக்கம் ஒன்று: ஏற எந்தக் கியர் போட்டாயோ, இறங்கவும் அதே கியர்.