இறகும் குடையும் கொண்டை ஊசியும்: இந்தியத் திரையில் காதல் இயக்கப்பட்ட வரலாறு

திரையில் ஒரு காதல் இணை நம்மை நம்பவைத்துவிட்டால், "அவர்களுக்குள் நிஜமாகவே ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். 'கெமிஸ்ட்ரி' என்னும் வழக்குச் சொல்லும் இந்த எண்ணத்தையே சுமந்து வருகிறது: இருவர் அருகே வந்தால் தானாக நிகழும் வினை. இந்தியத் திரை வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் இவ்வெண்ணம் நிலைக்காது. 1950களின் சிறந்த காதற்காட்சிகள் பல, நடிகர்களின் உள்ளத்திலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. இருவருக்கும் நடுவே இயக்குநர் வைத்த ஒரு பொருளைச் சுற்றிக் கட்டப்பட்டவை.

முதலில் ஓர் எதிர்மறைச் சான்று. 1933-இல் வெளிவந்த 'கர்மா'வில் ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் நடித்தனர். இருவரும் மெய்வாழ்வில் கணவன் மனைவி. திரையில் முத்தமும் உண்டு. ஆயினும் கதைப்படி இளவரசன் பாம்பு தீண்டி மயங்கிக் கிடக்கிறான். அவனை எழுப்ப முயலும் காதலியின் முத்தத்துக்கு எதிர்வினையே இல்லை. இன்று அப்படம் முத்தத்துக்காகப் பேசப்படுகிறதே தவிர, காதலுக்காக நினைக்கப்படுவதில்லை. மெய்யான உறவும் மெய்யான தொடுகையும் சேர்ந்தும் காட்சியில் காதல் பிறக்கவில்லை.

விடுதலைக்குப் பின் முத்தம் திரையிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. தணிக்கையின் நடைமுறையும் துறையின் தன்னடக்கமும் சேர்ந்து அதை விலக்கி வைத்தன. கதைக்குத் தேவையான இடத்தில் அதை அனுமதிக்கலாம் என 1969-இல் கோஸ்லா குழு கூறிய பின்னரும் வழக்கம் உடனே மாறவில்லை. தொடுகையைக் காட்ட இயலாத இயக்குநர், தொடுகைக்கு முந்தைய இடைவெளியை இயக்கக் கற்றார்.

அக்கல்வியின் உச்சம் கே. ஆசிஃபின் 'முகல்-ஏ-ஆஸம்' (1960). சலீம் வெண்ணிற இறகொன்றால் அனார்கலியின் முகத்தை வருடும் காட்சியை அறியாதார் குறைவு. திலீப் குமாரும் மதுபாலாவும் ஒருகாலத்தில் காதலித்தது உண்மை. ஆனால் அந்த உறவு படப்பிடிப்பு முடியும் முன்பே முறிந்துவிட்டது. 'நயா தௌர்' படம் தொடர்பாக 1957-இல் நடந்த வழக்கில், திலீப் குமார் மதுபாலாவுக்கு எதிர்த்தரப்பில் நின்று சாட்சியம் அளித்தார். இறகுக் காட்சி எடுக்கப்பட்டபோது இருவரும் முகமன்கூடச் சொல்லிக்கொள்வதில்லை என அவரே தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

அப்படியானால் அக்காட்சியில் நாம் காண்பது என்ன? கூர்ந்து பாருங்கள். தொலைவில் தான்சேன் பாடுகிறார். குரல் படே குலாம் அலி கானுடையது. பின்னிரவுக்குரிய சோஹனி ராகத்தின் நடையே காட்சியின் காலத்தை அளக்கிறது; எனவே எந்த அசைவும் விரைய முடியாது. ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாதுர் முகங்களை மிக அருகில் நிறுத்துகிறார். சலீமின் கை செய்ய வேண்டியதை இறகு செய்கிறது. அனார்கலியின் இமைகளே விடை சொல்கின்றன. பேசிக்கொள்ளாத இரு தொழிற்கலைஞர்கள், தாளமும் தொலைவும் வகுக்கப்பட்ட ஒரு வெளிக்குள் தத்தம் பணியைச் செய்தனர். இதை முறிந்த காதலின் எச்சம் என வாசிப்பவர்கள், மதுபாலாவின் நடிப்புத்திறனைக் கிசுகிசுவின் கணக்கில் எழுதுகிறார்கள்.

இதற்கு ஓராண்டு முன்பு, இறகும் ராஜசபையும் அற்ற ஓர் ஒண்டுக்குடித்தன அறையில், சத்யஜித் ராய் 'அபுர் சன்சார்' (1959) படத்தில் இதே சிக்கலைத் தீர்த்தார். சௌமித்ர சாட்டர்ஜிக்கும் ஷர்மிளா தாகூருக்கும் அதுவே முதல் படம். ஷர்மிளா அப்போது பள்ளிப் பருவத்துச் சிறுமி. மெய்யான காதலுணர்வை அங்கே எதிர்பார்ப்பதே முறையன்று. விடிகாலையில் எழுகின்ற அபர்ணா, தன் சேலைத் தலைப்பு கணவனின் துணியோடு முடிந்திருப்பதைக் கண்டு அவிழ்க்கிறாள். கண்விழிக்கும் அபு, தலையணையருகே கிடக்கும் கொண்டை ஊசியை எடுத்துப் பார்க்கிறான். அடுப்பு மூட்டும் மனைவியை நோக்குகிறான். ஒரு முடிச்சு, ஓர் ஊசி: முந்திய இரவு முழுவதும் நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. நடிகர்களிடம் கேட்கப்பட்டது ஊசியைப் பார்ப்பதும் அடுப்பைக் கவனிப்பதும் மட்டுமே.

ராஜ் கபூர், நர்கிஸ் இணையை எடுத்துக்காட்டி இதை மறுக்கலாம். அவர்களின் நெருக்கம் உலகறிந்தது. எனினும் 'ஸ்ரீ 420' (1955) மழைப்பாடலில் நம் நினைவில் நிற்பது இருவருக்கும் பொதுவான ஒற்றைக் குடை. குடை ஒன்றே என்பதால்தான் நெருங்குவதா விலகுவதா என்ற கேள்வி ஒவ்வொரு அடியிலும் எழுகிறது. வாழ்க்கை உணர்வைத் தந்திருக்கலாம். அதைக் காட்சியாக்கியது அமைப்பே.

அபிநவகுப்தர் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக்கினார். ரசம் நடிகனிடத்தில் இல்லை. அவன் அதைச் சுவைக்க உதவும் கலம், அதனாலேயே 'பாத்திரம்' எனப்படுகிறான் என்பது அவர் வாதம். கதைமாந்தரையும் கலத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழ் வழக்கில் நாம் இதை நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த விவாதம் பழங்கதை அன்று. 2022-இல் வெளிவந்த 'கெஹ்ராயியான்' படத்துக்கு நெருக்கக் காட்சிகளை வகுக்கவென்றே தார் கய் தனிப் பொறுப்பில் பணியாற்றினார். சண்டைக்காட்சியைப் போலவே ஒவ்வொரு தொடுகையையும் நடிகர்களின் ஒப்புதலோடு முன்கூட்டியே வகுப்பது இப்பணி. 'இது இயல்பைக் கொன்றுவிடும்' என்ற முணுமுணுப்பு இன்றும் கேட்கிறது. இணக்கம் மெய்வாழ்விலிருந்து வரவேண்டும் என நம்பும் இயக்குநர், நடிகரின், குறிப்பாக இளம் நடிகையின், அந்தரங்கத்தைத் தனக்குரிய மூலப்பொருளாகக் கருதத் தொடங்குகிறார். ஆசிஃபும் ராயும் விட்டுச்சென்ற சான்று அந்த நம்பிக்கைக்கு எதிரானது: அவர்கள் வகுத்த காட்சிகள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இயல்பாகவே இருக்கின்றன.

திரைப்படம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு காதற்காட்சி உங்களை உருக்கினால், அவ்விருவரும் மெய்யாகக் காதலித்தார்களா என்று தேடாதீர்கள். அவர்களுக்கு நடுவே என்ன வைக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.