குடலும் மனமும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

வயிற்றுக்கும் மனத்துக்கும் உறவு உண்டு என்பதைத் தேர்வு மண்டபத்தின் வாயிலில் நிற்கும் மாணவன் நூல் கொண்டு கற்க வேண்டியதில்லை. அச்சம் வந்தால் வயிறு கலங்குகிறது. துயரம் வந்தால் சோறு இறங்க மறுக்கிறது. இவ்வுறவை மருந்தாக்கிக் குப்பியில் அடைத்துத் தரலாம் என்னும் எண்ணத்திற்கு வயது நூறாண்டுக்குச் சற்று மிகுதி. குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய பொடிகளும் மாத்திரைகளும் மனச்சோர்வைப் போக்கும் என்று இளைஞர்களிடம் சொல்லப்படும் இந்நாளில், அவ்வெண்ணம் நடந்து வந்த வழியை அறிதல் நலம்.

இன்றைய உக்ரேனின் கார்க்கிவ் நகருக்கு அருகே 1845இல் பிறந்தவர் எலி மெச்னிக்காவ். 1873இல், முப்பது வயது நிரம்பாத நிலையில், மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, வாழ்வையே வெறுக்கும் அளவுக்கு மனமுடைந்தார். பின்னாளில் பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றி, நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெருங்குடலில் பொருள்கள் அழுகுவதால் பிறக்கும் நஞ்சே உடலை மூப்புறச் செய்கிறது என்றும், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைத் தடுக்கும் என்றும் அவர் கருதினார். 1907இல் வெளிவந்த அவரது நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது.

மூன்றாண்டுகளில் அக்கருத்து மனநோய் மருத்துவத்திற்குள் நுழைந்தது. 1910இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ், கடும் மனச்சோர்வுற்ற 18 பேருக்கு உயிருள்ள பால்நுண்ணுயிர்களைக் கொடுத்து, 11 பேர் முற்றும் குணமடைந்ததாக எழுதினார். இனிய செய்திதான். ஆயினும், அம்மருந்தை உண்ணாத மற்றொரு குழுவினரை அவர் ஒப்பிட்டு நோக்கவில்லை. தாமாகவே தேறியவர்கள் எத்தனை பேர், மருந்தால் தேறியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று.

அதே நம்பிக்கை அமெரிக்காவில் கொடிய வடிவெடுத்தது. நியூ செர்சி மாநிலத்தின் திரெண்டன் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த ஹென்றி காட்டன், உடலில் மறைந்திருக்கும் தொற்றே மனநோய்க்கு வேர் என்று கொண்டு, நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பின்னர்ப் பெருங்குடலையே அறுத்து நீக்கினார். குடல் நீக்கப்பட்டோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் இறந்ததை அவரே ஒப்புக்கொண்டார். கருத்தின் மீது கொண்ட பற்று, கண்முன் நிகழ்ந்த மரணத்தையும் காணவிடவில்லை.

இதன்பின் நெடுங்காலம் உறங்கிய கருத்து, 2004இல் மீண்டும் விழித்தது. ஜப்பானின் கியூசூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் நெருக்கடிக்கு அளவுமீறி உடல் எதிர்வினை காட்டுவதைக் கண்டனர். 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள், ஒருவகை நுண்ணுயிர் எலிகளின் அச்சத்தைக் குறைப்பதையும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகசு நரம்பை அறுத்தால் அப்பயன் மறைவதையும் காட்டினர். ஆனால் 2017இல், நலமுள்ள 29 ஆடவர்க்கு அதே நுண்ணுயிரைக் கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட அது மிகுந்த பயன் தரவில்லை. எலிக்கு இருந்த பயன் மனிதனுக்கு வந்து சேரவில்லை.

2023இல் வெளியான இலண்டன் ஆய்வு சற்று ஆறுதல் தருகிறது. மனச்சோர்வு மருந்து உண்டும் முழுமையாகத் தேறாத 49 பேரிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில், மருந்தோடு நுண்ணுயிர் மாத்திரையும் உண்டவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினர். மருந்தை நிறுத்திவிட்டு எவரும் இதனை உண்ணவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மனமகிழ்ச்சியோடு தொடர்புடைய செரட்டோனின் பெரும்பாலும் குடலில்தான் உண்டாகிறது என்று விற்பனையாளர் கூறுவர். அது மெய்யே. எனினும் குடலில் பிறக்கும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை என்பதும் மெய். பாதி உண்மை முழுப் பொய்யைவிட எளிதில் விலைபோகும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முதல் ஏழு குறள்களைப் பெரிதும் உண்ணும் முறைக்கே வழங்கினார். இறுதி மூன்றையோ நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து செயற்படும் மருத்துவருக்கு ஒதுக்கினார். உணவு ஒருபுறம், மருத்துவர் ஒருபுறம் என்னும் அப்பகுப்பு இன்றும் பொருந்துகிறது. மோரும் தயிரும் வயிற்றுக்கு நல்லவை, உண்போம். ஆனால் வாரக்கணக்கில் உறக்கமிழந்து, பேச்சிழந்து, பாடத்தில் நாட்டமிழந்து அமர்ந்திருக்கும் மாணவனுக்குக் குப்பி ஒன்றை நீட்டிவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருத்தல் தகாது. முதலில் அவன் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். பின்னர் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நூறாண்டு வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.