எண்ணெய்ச் சார்பைக் குறைக்க முனைந்த ஒரு சிறுநகரம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில், டார்ட் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது டாட்னஸ். பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை; நம் கணக்கில் ஒரு சிறிய பேரூராட்சி. பழைய கோட்டை, மேடேறிச் செல்லும் கடைத்தெரு, சந்தை ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற இவ்வூர் 2006 செப்டம்பர் முதல் வேறொரு காரணத்துக்காகவும் பேசப்படுகிறது. கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைக்காத காலம் வந்தால் ஓர் ஊர் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வியை அரசிடம் விட்டுவிடாமல், ஊராரே கையிலெடுத்த ‘டிரான்சிஷன் டவுன்’ இயக்கம் அங்குதான் முறைப்படி தொடங்கியது.

அதற்கான விதை அயர்லாந்தில் விழுந்தது. கின்சேல் என்ற கடலோர ஊரின் கல்லூரியில் பெர்மாகல்ச்சர் கற்பித்துவந்த ராப் ஹாப்கின்ஸ், தம் மாணவர்களோடு சேர்ந்து 2005-இல் ஒரு செயல்திட்டத்தை வகுத்தார். உணவு, வீடு, போக்குவரத்து, கல்வி எனத் துறைவாரியாக, அவ்வூர் எண்ணெய்ப் பயன்பாட்டை ஆண்டுக்காண்டு எவ்வாறு குறைக்கலாம் என்பதே அதன் பொருள். நகர மன்றமும் அதை வரவேற்றது. பின்னர் ஹாப்கின்ஸ் டாட்னஸுக்குக் குடிபெயர்ந்தார். 2008-இல் அவர் எழுதிய கையேடு வெளிவந்தபின், இம்முயற்சி பல நாடுகளுக்குப் பரவியது.

டாட்னஸில் இது வேரூன்றியது தற்செயலன்று. பக்கத்திலேயே இருக்கிறது டார்ட்டிங்டன் பண்ணை. தாகூரின் அழைப்பில் வங்காளம் சென்று ஸ்ரீநிகேதன் கிராமச் சீரமைப்புப் பணியைத் தொடங்க உதவிய லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட், தம் மனைவி டோரத்தியுடன் 1925-இல் வாங்கிய இடம் அது. அங்கேதான் 1990 அளவில் சதீஷ் குமார் முதலியோர் ஷூமாக்கர் கல்லூரியை நிறுவினர். அக்கல்லூரிக்குப் பெயர் தந்த பொருளியலாளர் ஈ.எஃப். ஷூமாக்கர், பௌத்தப் பொருளியல் பற்றிய தம் கட்டுரையில் மேற்கோள் காட்டிய இந்தியர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் இறுதிக்காலத்தைக் கழித்தவர். தன் தேவையைத் தன்னைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்தும் உழைப்பிலிருந்தும் நிறைவுசெய்துகொள்ளும் ஊர் என்ற கருத்து டாட்னஸுக்குப் போய்ச் சேர்ந்த வழிகளில் ஒன்று கல்லுப்பட்டியையும் தொட்டுச் செல்கிறது. இதை இங்குள்ளவர்களே அதிகம் பேசுவதில்லை.

டாட்னஸ் என்றதும் பத்திரிகைகளுக்கு நினைவுக்கு வருவது அதன் சொந்தப் பணத்தாள். 2007 மார்ச்சில் வெறும் 300 தாள்களுடன் ‘டாட்னஸ் பவுண்டு’ புழக்கத்துக்கு வந்தது. உள்ளூர்க் கடைகளில் மட்டுமே செல்லும் என்பதால் பணம் ஊரைவிட்டு வெளியேறாது என்பது அதன் தர்க்கம். பின்னர் லூயிஸ், பிரிக்ஸ்டன், பிரிஸ்டல் என வேறு ஊர்களும் தமக்கெனப் பணம் அச்சிட்டன. பிரிக்ஸ்டனின் பத்துப் பவுண்டுத் தாளில் பாடகர் டேவிட் போவியின் முகம் இடம்பெற்றதால் அதைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்தவர்களே மிகுதி என்று நினைக்கத் தோன்றுகிறது. கையில் ரொக்கம் வைத்திருக்கும் வழக்கம் குறைந்துபோக, 2019-இல் டாட்னஸ் பவுண்டு நிறுத்தப்பட்டது. இது படமெடுப்பதற்கு ஏற்ற திட்டமாக இருந்த அளவுக்குப் பயனுள்ள திட்டமாக இருக்கவில்லை என்பது என் மதிப்பீடு.

பயன் விளைந்தது, படமெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில். ஒரே தெருவில் வசிக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, மாறி மாறி ஒருவர் வீட்டில் கூடி, மின்சாரம், தண்ணீர், உணவு, குப்பை, பயணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசின. சன்னல் இடுக்குகளை அடைப்பது, கூரையடியில் வெப்பக்காப்பு இடுவது, காரைப் பகிர்ந்துகொள்வது எனச் சிறுசிறு முடிவுகளை எடுத்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இதில் பங்கேற்றன. வீடொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 570 பவுண்டு மிச்சமானதாகவும், ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு குறைந்ததாகவும் இயக்கத்தார் கணக்கிட்டனர். 2011-இல் இத்திட்டத்துக்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. அண்டை வீட்டாரின் பெயரே தெரியாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதை நான் அந்த 570 பவுண்டைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

உணவிலும் இதேபோன்ற கணக்கெடுப்பு நடந்தது. டாட்னஸும் சுற்றுப்புறமும் உணவுக்காக ஆண்டுக்குச் சுமார் மூன்று கோடி பவுண்டு செலவிடுகின்றன, அதில் பெரும்பங்கு பேரங்காடிகளுக்கே போய்ச்சேர்கிறது என்று 2013-இல் வெளியான உள்ளூர்ப் பொருளாதார ஆய்வு கண்டறிந்தது. பேரங்காடிக்குப் போவதில் பத்தில் ஒரு பங்கு உள்ளூர்க் கடைகளுக்குத் திரும்பினாலே இருபது லட்சம் பவுண்டு ஊருக்குள் தங்கும் என்பது அதன் முடிவு. தோட்டம் வைத்திருந்தும் பராமரிக்க இயலாத முதியவர்களையும், நிலமின்றிப் பயிரிட விரும்புவோரையும் இணைத்துவைத்ததும், பொது இடங்களில் வால்நட், வாதுமை போன்ற கொட்டை மரங்களை நட்டதும் இதன் தொடர்ச்சி. 2012-இல் கோஸ்டா காபி நிறுவனம் அங்கே கடை திறக்க அனுமதி பெற்றும், மக்களின் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது.

குறைகளும் உண்டு. எண்ணெய் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு விரைவில் சரியும் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் இவ்வியக்கம் எழுந்தது. 2008 ஜூலையில் பீப்பாய் விலை 147 டாலரைத் தொட்டபோது அது மெய்யாகிவிட்டதுபோல் தோன்றியது. ஆனால் அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகி, 2016 தொடக்கத்தில் விலை 30 டாலருக்கும் கீழே இறங்கியது. இயக்கத்தின் பேச்சும் பருவநிலை, உள்ளூர்ப் பொருளாதாரம் என நகர்ந்தது. படித்த, வசதியுள்ள நடுத்தர வகுப்பினரின் இயக்கம் இது என்ற விமர்சனமும் பொய்யன்று. வாடகை வீட்டில் இருப்பவர் கூரையில் எதைப் பொருத்துவார்?

இதைவிடக் கனமானது அதிகாரம் பற்றிய கேள்வி. ஊர்மக்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து அமைத்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சங்கம் இரண்டு காற்றாலைகளை நிறுவ விண்ணப்பித்தது. சுற்றியுள்ள சிற்றூர்களில் எதிர்ப்பு எழ, சவுத் ஹாம்ஸ் மாவட்ட மன்றம் அனுமதி மறுத்தது. சங்கம் கட்டடக் கூரைகளில் சூரியத் தகடுகளை அமைத்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய பால்பண்ணை ஆலை 2007-இல் மூடப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அந்நிலத்தில் எளியோர் வாங்கக்கூடிய வீடுகளையும் தொழிற்கூடங்களையும் ஊராரே கட்ட, ‘அட்மோஸ்’ என்ற திட்டம் தீட்டப்பட்டது. 2016 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 86 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். கட்டுவதற்கான உரிமை ஊருக்குக் கிடைத்தது; ஆனால் நிலம் ஊருக்குச் சொந்தமாகவில்லை. உரிமையாளருடனான கொள்முதல் கைகூடாமற்போய், இடம் வேறொரு கட்டுமான நிறுவனத்திடம் சென்றது.