மருட்பாப் பூசல்: வசையும் மறுமொழியும்

பழந்தமிழ்ப் புலமைப் பூசல் அவையில் நேருக்கு நேர் நிகழ்ந்தது. இகழ்ந்தவர் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. அவை கலைந்ததும் சொல்லும் பெரும்பாலும் கலைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு எளிதானபின் தோன்றிய கண்டன நூலுக்கு இவ்விரு வரம்பும் இல்லை. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களை நூலில் பொறிக்கக் கட்டளையிட்டதேயன்றி ஆக்கியோன் பெயர் முகப்பில் இருந்தாக வேண்டும் என்று விதிக்கவில்லை. வசைக்கு ஒதுங்கிடம் தேடியவர்க்கு இவ்விடைவெளி போதுமானதாயிற்று.

அதே 1867இல்தான் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டார். இராமலிங்க அடிகள் இப்பதிப்பை விரும்பி முன்நின்றவர் அல்லர். பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென்று இறுக்கம் இரத்தின முதலியார் நோன்பு பூண்டபின்னரே அடிகள் இசைந்தார். 'இராமலிங்கசாமி' என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் தமக்கு உடன்பாடன்று எனவும் அவருக்கு எழுதினார். பெயரில் அடிகள் தவிர்க்க விரும்பிய ஆரவாரம் பதிப்பைச் சுற்றி எழுந்தது.

தேவார திருவாசகங்களுக்கே உரியதாகச் சைவர் போற்றிய 'அருட்பா', 'திருமுறை' என்னும் பெயர்களைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டலாமா என்பதே யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தரப்பின் அடிப்படை வினா. இது கேட்கத்தக்க வினா, இன்றும் ஆராயத்தக்கது. ஆனால் 'போலியருட்பா மறுப்பு' இவ்வெல்லையில் நிற்கவில்லை. பாடலிலிருந்து பாடியவரின் ஒழுக்கத்திற்குத் தாவியது. அந்நூல் மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில் வெளிவந்தது. எழுதியவர் நாவலரே என்பது பரவலான கருத்து. மிஷனரிகளின் சைவ நிந்தைக்கு எதிராகச் 'சைவதூஷண பரிகாரம்' (1854) வகுத்தவர் நாவலர். புறச்சமயத்தாரோடு பொருதக் கூர்தீட்டிய கருவி, பின்னர்ச் சைவர் மீதே பாய்ந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

அடிகள் எதிர்க்கண்டனம் எழுதவில்லை. இதனை அருளாளரின் பொறுமை என்று மட்டும் கொள்வது முழுமையாகாது. மறுமொழி கூறும் பொறுப்பை அன்பர்கள் ஏற்றதனால்தான் அவ்வமைதி இயன்றது. அன்பர்களின் மறுமொழிகளுக்கும் ஓர் இடர் இருந்தது. எதிராளியின் கூற்றை எடுத்துக்காட்டி மறுப்பது கண்டன நூலின் மரபு. ஆகவே மூல வசையைக் காணாதவரும் மறுப்பின் வழியே அதனைப் படித்தனர்.

நீதிமன்றம் மற்றொரு வழி. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவதூறு குற்றமாயிருந்தது. சிதம்பரத்தில் தம்மை இழித்துப் பேசினர் என்று 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர் நாவலர். அடிகள் உள்ளே வந்தபோது நாவலரும் எழுந்து நின்றார் என்றும், அதுகண்டு வழக்குத் தள்ளப்பட்டது என்றும் வழங்கும் கதை அழகியது. ஆயினும் இருதரப்பு நூல்களும் வழக்கை வெவ்வேறாகவே கூறுகின்றன. எந்தத் தீர்ப்பாயினும் அது பூசலை முடிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

அடிகள் 1874இல் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். நாவலர் 1879இல் காலமானார். எனினும் புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாக் கட்சியை மீண்டும் எழுப்பினார். 'இராமலிங்க பிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம்' என்ற தலைப்பே மறுப்பு எவ்வளவு தூரம் வசையாகிவிட்டது என்பதைக் காட்டும். மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவுக்காக நின்றனர். சைவர் இருவேறு அணியாகிப் பிணங்கிய மேடையில் இசுலாமியப் புலவர் ஒருவர் அருட்பாவுக்கு வழக்காடியது, இது வெறும் சமயக் காழ்ப்பன்று என்பதற்குச் சான்று.

இம்முறையும் பூசல் நீதிமன்றம் ஏறியது. கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு.வி.க. 1904இல் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லச் சென்றார். அதனால் பள்ளித் தேர்வை எழுத இயலாமற்போனது, அவர் பள்ளிக்கல்வியும் நின்றது. அதே திரு.வி.க.தான் பின்னாளில் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை இயற்றினார்.