நெடுந்தீவில் ஊடுபயிர்: வரட்சியில் வேர்கள் நீரைப் பகிருமா, பறிக்குமா?

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் நெடுந்தீவுக் காணியைத் துப்புரவாக்கும் ஒருவர், பயிரைத் தீர்மானிக்கும் முன் கிணற்றைப் பார்க்கவேண்டும். சுண்ணக்கல்லாலான இத்தீவில் ஆறு இல்லை. மாரி மழை நிலத்துள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக்கணக்கு. வரட்சியில் பம்பி போட்டு இறைத்தால் கிணறுதான் சவராகும்.

ஆகவே, ஒரே காணியில் இரண்டு பயிர் வைத்தால் மண்ணிலுள்ள ஈரத்தை அவை என்ன செய்யும் என்பது இங்கே வயிற்றுப் பிரச்சினை.

ஆழவேர்ச் செடிகள் சில, இலைத்துளைகள் மூடும் இரவில் அடிமண்ணின் நீரை இழுத்து, காய்ந்த மேல்மண்ணில் கசியவிடுகின்றன. செனகலில் கியரா என்னும் புதருக்கு அருகே விதைத்த கம்புக்கு இவ்வாறு நீர் கிடைத்ததை 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அங்கே விதைப்புக்கு முன் புதரை வெட்டிவிடுவது வழக்கம். இலை குறைந்தால் புதர் குடிக்கும் நீரும் குறையும். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் துவரையையும் குரக்கனையும் சேர்த்துப் பரிசோதித்திருக்கிறார்கள். அதில் விளைச்சலைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று, செடிகளை நட்ட ஒழுங்கு.

ஆனால் இதை அப்படியே நெடுந்தீவுக்குக் கொண்டுவர முடியாது. அடிமண்ணில் ஈரம் இருந்தால்தான் ஆழவேர் உதவும். மண் மெல்லியதாய், கீழே கல்லாய் இருக்கும் காணியில் இரண்டு பயிரின் வேரும் ஒரே சாணளவுக்குள் மோதும். அங்கே பகிர்வு இல்லை, பறிப்புத்தான். பனையும் அப்படியே. அதற்கு ஆணிவேர் இல்லை, சல்லிவேர்தான். அடியோடு ஒட்டி விதைத்தால் நிழல் கிடைக்கும், நீர் கிடைக்காது.

இத்தகைய காணிக்கு, ஆழத்தைவிடக் காலத்தைப் பிரிப்பதே பொருத்தம் என்பது எமது கணிப்பு. மாரியோடு குரக்கனையும் பயறையும் விதைத்தால், பயறு 60 முதல் 75 நாட்களில் முடிந்துவிடும். குரக்கன் கதிர் முற்றும்போது மிச்ச ஈரத்துக்குப் போட்டியிராது. பயற்றங்கொடியைப் பிடுங்காமல் வெட்டி, நிலத்தில் மூடாக்காகப் பரப்பலாம். வரிசைகளை வழமையைவிட அகலமாக விடவேண்டும்.

மண் ஆழமான இடத்தில் மட்டும் துவரையை முயலலாம். அது கோடையிலும் பச்சையாக நிற்பதால் கட்டாக்காலி மாடுகள் தேடிவரும். இடிந்த கல்வேலியை முதலில் அடுக்கிக்கொள்ளுங்கள்.