'நெர்வஸ்' என்றால் பதற்றம்; 'நெர்வ்' என்றால் துணிவு

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்பு முதல் கிள்ளான் தொழிற்சாலை நேர்முகத் தேர்வு வரை நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் ஆங்கிலச் சொல் 'நெர்வஸ்'. இதே குடும்பத்தைச் சேர்ந்த 'நெர்வ்' என்ற சொல் சில இடங்களில் பதற்றத்தையும், சில இடங்களில் அதற்கு நேர்மாறான நிதானத்தையும் குறிக்கும். வடிவம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

சொல்லின் வேர்

லத்தீன் மொழியில் 'நெர்வஸ்' என்பது தசைநார், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி ஆகியவற்றைக் குறித்தது. தமிழிலும் 'நரம்பு' உடலுக்கும் உண்டு, யாழுக்கும் உண்டு. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் 'நெர்வஸ்' என்றால் 'முறுக்கேறிய, வலிமையான' என்றுகூடப் பொருள் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் 'எளிதில் பதறுகிற' என்ற பொருள் பரவியது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் திருமதி பென்னட் எடுத்ததற்கெல்லாம் தம் 'நெர்வ்ஸ்' பற்றிப் புலம்புவார். பழைய வலிமைப் பொருளோ ஒருமைச் சொல்லான 'நெர்வ்' என்பதில் தங்கிவிட்டது.

எங்கே, எப்படி?

'ஐ எம் நெர்வஸ்': எனக்குப் படபடப்பாக இருக்கிறது. 'ஐ எம் நெர்வ்' என்பது பிழை.

'நெர்வ்ஸ்' (பன்மை): தேர்வுக்கு முன், மேடையேறும் முன் வரும் நடுக்கம்.

'ஹோல்ட் யுவர் நெர்வ்': பதறாமல் நிதானமாக நில். 2022இல் சாலை விபத்தில் பலத்த காயமடைந்த ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி, 2023 ஹாங்சோவ் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். அவரைப் பற்றி 'ஷி ஹெல்ட் ஹெர் நெர்வ்' என்று சொல்லலாம்.

'லூஸ் யுவர் நெர்வ்': கடைசி நேரத்தில் துணிவை இழப்பது.

'நெர்வ்ஸ் ஆஃப் ஸ்டீல்': எதற்கும் கலங்காத நெஞ்சுரம்.

'கெட் ஆன் மை நெர்வ்ஸ்': எரிச்சலூட்டுவது.

'யூ ஹேவ் எ நெர்வ்': 'உனக்கு என்ன திமிர்!' துணிச்சலைப் பாராட்டுவதாக நினைத்து இதை மேலதிகாரியிடம் சொன்னால் வேலைக்கே ஆபத்து.

கிளினிக்கில் கவனம்

நம் பேச்சில் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் பலவற்றுக்கும் பயன்படுகிறது. நேர்முகத் தேர்வில் கை நடுங்குவது நோயல்ல, இயல்பான பதற்றம். நீரிழிவு உள்ளவருக்குக் கால் மரத்துப்போவதும் எரிவதும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இதை மருத்துவரிடம் 'நெர்வஸ் பிராப்ளம்' என்றால், அவர் மனப்பதற்றம் என்று எண்ணக்கூடும். கால் 'நம்ப்' ஆகிறது என்றோ, மலாயில் 'கெபாஸ்' என்றோ சொன்னால் குழப்பம் இராது.

தமிழிலும் மலாயிலும்

பதற்றம், படபடப்பு, நடுக்கம் ஆகியவை ஒரு பக்கம். நிதானம், மன உறுதி, நெஞ்சுரம் மறுபக்கம். மலாயில் 'குகுப்' என்றால் பதற்றம், 'தெனாங்' என்றால் அமைதி. பேச்சுவழக்கில் 'கப்ரா' என்பதும் பதற்றமே.

தேர்வறையில்

எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுக்குத் தனித் தாள் உண்டு. நேர்முகத் தேர்விலும் பேச்சுதான் முதலில் எடைபோடப்படுகிறது. அங்கே 'ஐ எம் எ லிட்டில் நெர்வஸ்' என்று சொல்வதில் வெட்கமில்லை. 'மே ஐ ஹேவ் எ மோமென்ட், ப்ளீஸ்?' என்று கேட்டு, மூச்சை இழுத்துவிட்டு, பதிலைத் தொடங்கலாம். பதறாத காரியம் சிதறாது.